நாணயம் மாறினால் எந்திரம் சாகும்

எந்திரங்கள் தேய்ந்து சாகும், துருப்பிடித்துச் சாகும். காசு போட்டால் பொருள் தரும் எந்திரத்துக்கு மட்டும் இன்னொரு சாவும் உண்டு. உள்ளே சக்கரம் சுற்றும், விளக்கு எரியும், எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் அதில் போட வேண்டிய காசு ஊரில் இருக்காது. அல்லது அந்தக் காசுக்கு அந்தப் பொருளைக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. அன்றைக்கே அதன் ஆயுள் முடிந்தது. அதற்குப் பிறகு அதற்கு உள்ள மதிப்பு, காயலான் கடைத் தராசு சொல்லும் மதிப்புதான்.

ரயில் நிலையத்து எடை பார்க்கும் எந்திரம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வண்ண விளக்குகள் மினுக்க, கண்ணாடிக்குள் சக்கரம் சுற்ற, ஆள் உயரத்துக்கு நிற்கும். மேலே ஏறி நின்று, சக்கரம் நின்றதும் காசைப் போட்டால் ‘டக்’ என்று ஓர் அட்டைச் சீட்டு விழும். ஒரு பக்கம் சினிமா நட்சத்திரத்தின் படம். மறு பக்கம் எடையும், கூடவே ஒரு ஜோசிய வரியும். எடையை மறந்தாலும் ஜோசியத்தை மறக்க மாட்டோம். இன்று பல நிலையங்களில் அந்த எந்திரத்தைத் தேடினாலும் கிடைப்பதில்லை. அவையெல்லாம் எங்கே போயின என்று யோசித்ததில் பிறந்தது இந்தக் கட்டுரை.

கதை மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் என்ற கிரேக்கர், கோயிலில் தீர்த்தம் கொடுக்கும் ஒரு சாதனத்தை விவரித்திருக்கிறார். 5 திராக்மா நாணயத்தைத் துளையில் போட்டால், அது உள்ளே ஒரு சிறு தட்டின் மீது விழும். அந்தப் பாரத்தால் நெம்புகோல் சாயும், அடைப்பு திறக்கும், தண்ணீர் வரும். தட்டு சாய்ந்து காசு நழுவியதும் அடைப்பு மூடிக்கொள்ளும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு வந்த எந்திரங்களும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்தன. காசின் எடை, குறுக்களவு, கனம், உலோகம் ஆகியவற்றைப் பார்த்து எந்திரம் நம்மை நம்புகிறது. காசின் மேல் யார் தலை இருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

வியாபார அளவில் இது வளர்ந்தது 1880-களில். 1883-இல் லண்டனில் பெர்சிவல் எவரிட் என்பவர் அஞ்சலட்டை விற்கும் எந்திரத்தை அமைத்தார். 1888-இல் நியூயார்க்கின் உயர்பாதை ரயில் நடைமேடைகளில் தாமஸ் ஆடம்ஸ் நிறுவனத்தின் சூயிங்கம் எந்திரங்கள் வந்தன. 1902-இல் பிலடெல்பியாவில் ஹார்ன் அண்டு ஹார்டார்ட் என்ற நிறுவனம் ‘ஆட்டோமாட்’ என்ற உணவகத்தைத் திறந்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கதவுகள். 5 சென்ட் காசைப் போட்டுக் குமிழைத் திருப்பினால் கதவு திறக்கும். உள்ளே இருக்கும் பண்டத்தை எடுத்துக்கொள்ளலாம். சில்லறை மாற்றிக் கொடுப்பதற்கென்றே கல்லாவில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த 5 சென்ட் நாணயம்தான் அந்த உணவகத்துக்கு அழகு. கடைசியில் அதுவே தொல்லையாகவும் ஆயிற்று. விலைவாசி ஏறியும் காப்பி விலை பல்லாண்டு 5 சென்டிலேயே நின்றது. 1950-இல் வேறு வழியில்லாமல் 10 சென்ட் ஆக்கினார்கள். பிறகு மக்களின் பழக்கமும் மாறிற்று. துரித உணவுக் கடைகள் வந்தன. நியூயார்க்கில் மிஞ்சியிருந்த கடைசி ஆட்டோமாட் 1991-இல் மூடப்பட்டது.

கோகோ கோலாவின் கதை இதைவிட வேடிக்கை. 1886 முதல் ஏறக்குறைய 1959 வரை அதன் விலை 5 சென்ட். இதற்கு ஒரு முக்கியக் காரணம் எந்திரங்கள். 1950-இல் அமெரிக்காவில் இருந்த சுமார் 4,60,000 விற்பனை எந்திரங்களில் பெரும்பகுதி அந்த நிறுவனத்துடையது. அவை ஒரே ஒரு 5 சென்ட் நாணயத்தைத்தான் வாங்கும். விலையை ஒரு சென்ட் கூட்டினால் அத்தனை எந்திரங்களையும் மாற்ற வேண்டும். 10 சென்ட் ஆக்கினால் விலை ஒரேயடியாக இரட்டிப்பாகிவிடும். 1953-இல் நிறுவனத்தின் தலைவர் உட்ரஃப், தம் நண்பரான அதிபர் ஐசனோவரிடமே, 7½ சென்ட்டுக்கு ஒரு புது நாணயம் அச்சிடக் கூடாதா என்று கேட்டார். நடக்கவில்லை. எந்திரத்தை மாற்றுவதைவிட ஒரு நாட்டின் நாணயத்தை மாற்றுவது சுலபம் என்று ஒரு முதலாளிக்குத் தோன்றியிருக்கிறது என்றால், எந்திரங்களில் எவ்வளவு பணம் முடங்கிக் கிடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அரசாங்கமே நாணயத்தை மாற்றும்போது எந்திரக்காரர்களுக்குத் தப்பிக்க வழியில்லை. பிரிட்டன் 1971 பிப்ரவரி 15-இல் தசம முறைக்கு மாறியது. பழைய பென்னியும் மூன்று பென்னிக் காசும் அதே ஆண்டு ஆகஸ்டு முடிவோடு செல்லாமற் போயின. 2002 ஜனவரி 1-இல் யூரோ நாணயம் பன்னிரண்டு நாடுகளில் புழக்கத்துக்கு வந்தது. பிரான்சில் பிராங்க் பிப்ரவரி 17 வரைதான் கூடவே ஓடியது. அந்தச் சில வாரங்களுக்குள் காப்பி எந்திரமும் வண்டி நிறுத்தக் கட்டண எந்திரமும் புதுக் காசை ஏற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொடுக்கச் செலவு அதிகம் என்று தோன்றிய பழைய எந்திரத்துக்குப் போக்கிடம் ஒன்றுதான்.

பிரெஞ்சில் படித்தவர்களுக்கு ஒரு சொல் நினைவுக்கு வரும். சூதாட்ட எந்திரத்துக்கு அவர்கள் சொல்வது ‘மஷீன் அ சூ’. ‘சூ’ என்பது 5 சாந்தீம் காசு. அந்தக் காசு போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதற்குப் பின் பிராங்கும் போயிற்று. எந்திரத்தின் பெயரில் மட்டும் செத்த காசு உயிரோடு இருக்கிறது.

ஜப்பானில் மோசடியே நாணயத்தை மாற்ற வைத்தது. அவர்களுடைய 500 யென் நாணயமும் கொரியாவின் 500 வோன் நாணயமும் ஒரே உலோகம், ஒரே குறுக்களவு. எடையில் மட்டும் அரை கிராம் வித்தியாசம்: யென் 7.2 கிராம், வோன் 7.7 கிராம். வோனின் மதிப்போ ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. கொரிய நாணயத்தில் கொஞ்சம் துளைத்து எடையைக் குறைத்துப் போட்டால் எந்திரம் ஏமாந்தது. எனவே 2000-இல் வேறு உலோகத்தில் புது 500 யென் வந்தது. 2021-இல் இன்னொரு புது நாணயம். 2024 ஜூலை 3-இல் புது நோட்டுகள். ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கான எந்திரங்களைத் திருத்த வேண்டும். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே சுமார் 56 லட்சம் விற்பனை எந்திரங்கள் இருந்தன. இப்போது 40 லட்சம் அளவுக்கு இறங்கிவிட்டன. இதற்கு நாணயம் மட்டுமே காரணமல்ல. ஆனால் வருமானம் குறைந்த எந்திரத்துக்குச் செலவழித்துத் திருத்துவதா, தூக்கிப் போடுவதா என்ற கேள்வியை ஒவ்வொரு நாணய மாற்றமும் எழுப்பும்.

நம் நாட்டுக்கு வருவோம். நமது ஒரு ரூபாய் நாணயம் 1980-களில் செம்பும் நிக்கலும் கலந்தது. 26 மில்லிமீட்டர், 6 கிராம். 1992-இல் எவர்சில்வர் ரூபாய் வந்தது. 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2011-இல் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். 2019-இல் 20 மில்லிமீட்டர். முப்பது ஆண்டுகளுக்குள் நான்கு அளவு! காசு போடும் எந்திரம் வைத்திருந்தவரின் பாட்டை நினைத்துப் பாருங்கள். பெரிய காசுக்கென்று செய்த துளையில் சின்னக் காசு தடங்கலின்றி விழுந்துவிடும், வேலை நடக்காது. சின்னதற்கென்று மாற்றினால் பையில் இருக்கும் பழைய காசு நுழையாது. இன்னொன்றும் உண்டு. இரும்பு வில்லையைப் போட்டு ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கப் பழைய எந்திரங்கள் சிலவற்றில் காந்தம் வைப்பார்கள். செம்பு-நிக்கல் காசு காந்தத்தில் ஒட்டாது. எவர்சில்வர் ரூபாயோ ஒட்டும். அதாவது திருடனைப் பிடிக்க வைத்த காந்தம், நல்ல காசையே திருடன் என்று பிடிக்கும்.

இதற்கிடையில் வீட்டுக்கு வீடு எடை பார்க்கும் கருவி வந்துவிட்டது. மருந்துக் கடை வாசலிலும் ஒன்று. ஜோசியம் கைபேசியில் வருகிறது. ரயில் நிலையத்தில் அந்த எந்திரம் அடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வேறு வாடகைதாரர்கள் வந்தார்கள்.

அகற்றுவதில் லாபம் எங்கே வருகிறது என்பதைப் பார்ப்போம். அலுவலகத்தில் நான் இருந்த காலத்தில், உபயோகமற்ற சாமான்களைக் ‘கண்டம்’ செய்யும் கோப்புகள் மேசைக்கு வரும். பொருளின் பெயர், வாங்கிய ஆண்டு, வாங்கிய விலை, தற்போதைய மதிப்பு என்று கட்டங்கள் இருக்கும். உள்ளே என்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்ற கட்டம் மட்டும் இருக்காது. ஏலம் எடுப்பவருக்கோ அந்த ஒரு கட்டம்தான் மனத்தில் இருக்கும். அவருடைய லாபம் முழுவதும் அதில்தான்.

குளிர்பான எந்திரம் ஒன்று 200 முதல் 400 கிலோ வரை இருக்கும். முழுதாக விற்றால் இரும்பு விலை. பிரித்தால் கணக்கே வேறு. வெளிப்பெட்டி தகரம், அது இரும்போடு போகும். கம்ப்ரஸருக்குள் செம்புச் சுருள், வெளியே செம்புக் குழாய், அலுமினியத் தகடுகள், மோட்டார், மின்கம்பி. செம்பின் விலை இரும்பைப்போலப் பல மடங்கு. காசை எண்ணும் பெட்டியும் நோட்டை வாங்கும் பகுதியும் ஓடும் நிலையில் இருந்தால் பழுது பார்ப்பவர் தனியே வாங்கிக்கொள்வார். இடத்துக்காரருக்கோ மூலையில் நிற்கும் பாரம் போனால் போதும். தூக்கிச் செல்லக் கூலியும் கொடுப்பார். ஆக, எடுத்துச் செல்பவருக்குத் தூக்கும்போது கூலி, பிரிக்கும்போது விலை என இரண்டு வரவு. இதில் தவறு எதுவும் இல்லை. மாடியிலிருந்து 300 கிலோ எந்திரத்தை இறக்குகிறவர்களின் முதுகுக்கு அந்தப் பணம் அதிகமில்லை.

தவறு வேறு இடத்தில் நடக்கிறது. செம்புக் குழாயைச் சீக்கிரம் எடுக்க ஒரே வெட்டாக வெட்டுவார்கள். ‘புஸ்’ என்ற ஒரு சத்தத்தோடு உள்ளே இருந்த குளிர்வாயு போய்விடும். பழைய எந்திரங்களில் இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தைத் தின்னும் வாயு. 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரீல் உடன்படிக்கை அதற்கு முடிவு கட்டியது. இந்தியாவில் அந்த வகை வாயுக்களின் உற்பத்தி 2008-இல் நின்றது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 1,400 மடங்கு வலியது. கால் கிலோ வெளியேறினால் 350 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். வாயுவை உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிக்கக் கருவி இருக்கிறது. கொஞ்சம் நேரமும் பிடிக்கும். அந்த நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை என்பதுதான் சிக்கல். ஜப்பானில் வாயுவைப் பிடிக்காமல் உடைக்கக் கூடாது என்று 2001-இலேயே சட்டம் போட்டார்கள். ஐரோப்பாவில் மின்கழிவு பற்றிய 2002-ஆம் ஆண்டு ஆணை, விற்பனை எந்திரங்களைத் தனி வகையாகவே பட்டியலிட்டது. நமக்கும் மின்கழிவு விதிகள் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. விதி இருக்கிறது, காயலான் கடை வாசலில் அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். ஏலம் விடும் அலுவலகம் நிபந்தனைகளில் ‘வாயுவை முறையாக எடுத்த பிறகே பிரிக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்து, அதைச் சரிபார்க்கவும் செய்தால் பாதி வேலை முடிந்தது.

இழப்பு இன்னொன்றும் இருக்கிறது. பிலடெல்பியாவின் ஆட்டோமாட் சுவரில் 35 அடி நீளத்தை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் எடுத்துப் பாதுகாத்தது. மீதியெல்லாம் உடைந்து போனாலும், அது எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அந்த ஒன்று போதும். காயலான் கடைக்காரர் நூறு எந்திரங்களை உடைக்கட்டும். நூற்றொன்றாவதை நிறுத்தி வைக்க ஒருவர் வேண்டும். இரும்பு விலைக்குக் கிடைக்கும்போதே வாங்கினால் அருங்காட்சியகத்துக்கு அது பெரிய செலவில்லை. பத்து வருடம் கழித்துத் தேடினால் பழம்பொருள் வியாபாரி சொல்வதுதான் விலை.

எந்திரத்தை நாம் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அது கொடுத்த சீட்டை வைத்துக்கொள்ளலாம். பழைய டிரங்குப் பெட்டி, பிஸ்கட் டப்பா, கணக்கு நோட்டு எதிலாவது அந்த எடைச் சீட்டு ஒன்று கிடந்தால் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள், அன்பர்களே. பின்புறம் ஊரின் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். எடை எவ்வளவு என்பதை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளலாம்.