சாய்கோட்டுச் சண்டை

1996 மே மாதம் ஈமேக்ஸின் 19.31-ஆம் பதிப்பு வெளிவந்தது. நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கப் புழங்கும் எழுதுகருவி அது. நிறுவப் போனவர்கள் திகைத்தார்கள். எந்த இயங்குதளம் என்று குறிக்கும் இடத்தில் ‘லினக்ஸ்’ இல்லை, ‘லிக்னக்ஸ்’ என்றிருந்தது. லினக்ஸின் வயிற்றுக்குள் தம் ‘குனு’ திட்டத்தின் பெயரை நுழைத்துவிட்டார் ஈமேக்ஸின் ஆசிரியர் ரிச்சர்ட் ஸ்டால்மன். கூடவே ஒரு விளக்கக் கட்டுரை வேறு.

எதிர்ப்பு பலமாக இருந்தது. அடுத்த பதிப்பிலேயே ‘லினக்ஸ்-குனு’ என்று இறங்கி வந்தார். பிறகு அவர் விடாமல் பிடித்துக்கொண்டது, நடுவில் சாய்கோடு போட்ட ‘குனு/லினக்ஸ்’.

அவருடைய ஆதங்கத்துக்குக் காரணம் உண்டு. யூனிக்ஸுக்கு மாற்றாக, எவரும் திறந்து பார்த்துத் திருத்திப் பகிரக்கூடிய முழு இயங்குதளம் ஒன்றை, குனு என்ற பெயரில், செய்வேன் என்று 1983 செப்டம்பரில் அறிவித்தவர் அவர். அதற்காகவே 1984 ஜனவரியில் எம்.ஐ.டி. வேலையை விட்டார். நிரல்பெயர்ப்பி, ஷெல், சி நூலகம் என்று ஒவ்வொன்றாகத் தேறின. மையத்தில் இருக்க வேண்டிய கெர்னல் மட்டும் கைகூடவில்லை. அதற்காக 1990-இல் தொடங்கிய ‘ஹர்ட்’ இழுத்துக்கொண்டே போனது. 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காக ஒரு கெர்னல் எழுதினார். மறு ஆண்டே அதை ஸ்டால்மனின் ஜி.பி.எல். உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். குனுவும் கெர்னலும் சேர்ந்து முழு இயங்குதளம் ஆயின. ஊர் மொத்தத்தையும் கெர்னலின் பெயரால் ‘லினக்ஸ்’ என்றது.

இத்தனைக்கும் அந்தப் பெயர் டோர்வால்ட்ஸ் தேர்ந்ததில்லை. அவர் நினைத்தது ‘ஃப்ரீக்ஸ்’. தன் பெயரையே வைப்பது தற்பெருமை என்று கூசியிருந்தார். கோப்புகளை வழங்கியில் ஏற்ற இடம் கொடுத்த ஆரி லெம்கே, கேட்காமலே அடைவுக்கு ‘லினக்ஸ்’ என்று பெயரிட்டுவிட்டார்.

ஸ்டால்மன் தரப்பு ஒரு கணக்கும் காட்டியது. குறுவட்டு விற்பனையாளர் ஒருவர் தம் தொகுப்பின் மூலநிரலை அளந்தபோது குனு சுமார் 28 சதவீதம், கெர்னல் 3 சதவீதம். என்னைக் கேட்டால், இந்த வாதம் நொண்டி. மீதிக்குச் சொந்தக்காரர்கள் எம்.ஐ.டி.யின் எக்ஸ் சாளரம், குனூத்தின் டெக் என்று வரிசையில் நிற்பார்களே! முழுமையான அமைப்பு வேண்டும் என்று முதலில் புறப்பட்டது யார் என்பதுதான் ஸ்டால்மனின் வலுவான வாதம். இன்னொன்று, பெயரில் குனு என்று கேட்பவர் அது எதற்காகப் பிறந்தது என்று விசாரிப்பார். அங்கே சுதந்திரம் பற்றிப் பேசலாம். டோர்வால்ட்ஸுக்கு அந்தப் பிரசாரத்தில் ஆர்வமில்லை. குனு தனக்கென ஒரு வெளியீடு செய்தால் அப்படிப் பெயரிடட்டும், எல்லா லினக்ஸையும் அப்படி அழைப்பது கேலிக்கூத்து என்பது அவர் கட்சி.

லினக்ஸ் தொகுப்புகளில் டெபியன் மட்டும் 1994-இலேயே ‘டெபியன் குனு/லினக்ஸ்’ ஆகிவிட்டது. ஓராண்டு அதற்கு நிதி கொடுத்தது ஸ்டால்மனின் அறக்கட்டளை. ரெட் ஹாட், சூசே போன்ற மற்றத் தொகுப்புகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1999 ஆகஸ்டில் சான் ஹோசேயில் லினக்ஸ்வேர்ல்டு மாநாடு. அந்த அறக்கட்டளைக்கு ஒரு விருது அறிவித்தார்கள். விருதின் பெயர்? லினஸ் டோர்வால்ட்ஸ் விருது! ஸ்டால்மன் மேடையேறி வாங்கிக்கொண்டார். ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் புரட்சிப் படைக்கு ஹான் சோலோ பெயரில் விருது கொடுப்பது போல இருக்கிறது என்று நக்கலடித்துவிட்டு, சாய்கோட்டின் கதையை அந்த மேடையிலேயே ஆரம்பித்தார்.

(தொடரும்)