இயந்திரம் யார் கையில்?

1960 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிளைட் ஷீல்ட்ஸ் என்ற தொழிலாளியின் கையில் டெஃப்லான் குழாய் ஒன்று பொருத்தப்பட்டது. டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னரின் யோசனை அது. அதுவரை, இயந்திரம் கொண்டு ரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் புதிதாக ஒரு ரத்தக்குழாயைத் திறக்க வேண்டும்; சில தடவைகளுக்குப் பிறகு திறப்பதற்கே இடம் இருக்காது. தமனியையும் சிரையையும் இணைத்துக் கையிலேயே தங்கிவிட்ட அந்தக் குழாய், திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி திறந்தது. சிறுநீரகம் செயலிழந்த ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டுகள் வாழ்ந்தார்.

உயிர் பிழைக்க வழி பிறந்ததும் இடம் போதவில்லை. 1962-இல் அதே நகரில் தொடங்கிய டயாலிசிஸ் மையத்தில் சில படுக்கைகளே இருந்தன. யாருக்குச் சிகிச்சை, யாருக்கு இல்லை என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு அமர்ந்தது.

1964-இல் ஒரு பதின்வயதுப் பெண்ணுக்கு அந்த மையத்தில் இடம் மறுக்கப்பட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அணுப்பொறியியல் பேராசிரியராக இருந்த ஆல்பர்ட் பாப், தம் குழுவினருடன் சேர்ந்து சில மாதங்களிலேயே வீட்டில் வைக்கக்கூடிய சிறிய இயந்திரத்தை உருவாக்கினார். அதை இயக்க வீட்டாருக்குப் பயிற்சி தரப்பட்டது. மருத்துவமனைக்கு வெளியே, சொந்த வீட்டில், அந்தப் பெண்ணின் சிகிச்சை நடந்தது.

லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் டாக்டர் ஸ்டான்லி ஷால்டன் இன்னொரு திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தார். இயந்திரத்தைத் தயார் செய்வதையும் டயாலிசிஸ் முடிந்ததும் கழற்றுவதையும் நோயாளிகளுக்கே கற்றுக்கொடுத்தார். பின்னர் அவர்கள் வீட்டில், இரவில், தூங்கும்போதே டயாலிசிஸ் செய்துகொண்டார்கள். பகல் அவர்களுடையதாயிற்று, வேலைக்குப் போக முடிந்தது.

இந்த முன்னோடிகள் சிகிச்சை நடக்கும் இடத்தை மட்டும் மாற்றவில்லை. மையத்தில் எடை பார்ப்பது, ரத்த அழுத்தம் குறிப்பது, ஊசி போடுவது எல்லாம் செவிலியர் வேலை. நோயாளி கையை நீட்டினால் போதும். வீட்டிலோ அத்தனையும் அவர் பொறுப்பு. நேற்று குடித்த தண்ணீரும் தின்ற உப்பும் இன்று எடையில் எப்படி ஏறி நிற்கின்றன என்பதை அவரே பார்க்கிறார், குறிக்கிறார், அதற்கேற்ப நடந்துகொள்கிறார்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் வீட்டில்தான் செய்தார்கள். 1972-இல் வந்த சட்டம் 1973 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி டயாலிசிஸ் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்றது. பணமில்லாததால் யாரும் சாக வேண்டியதில்லை என்ற நிலையை நோக்கி வைத்த மகத்தான அடி அது. ஆனால் வீட்டில் துணைக்கு உட்காருபவருக்கு ஊதியம் கிடையாது. மையங்கள் பெருகின, வீட்டு டயாலிசிஸின் பங்கு சரிந்தது. தானே செய்துகொள்ளத் திறன் உள்ளவர்களும் நாற்காலியில் சாய்ந்து காத்திருக்கப் பழகினார்கள்.

மையமே மாறினால் என்ன ஆகும்? ஸ்வீடனின் யோன்ஷோப்பிங் நகரிலுள்ள ரீஹோவ் மருத்துவமனை அதைச் செய்து காட்டியது. 2005-இல் அங்கு வந்த ஓர் இளைஞர், இயந்திரத்தைத் தானே இயக்க விரும்புவதாகச் செவிலியரிடம் சொன்னார். செவிலியர் மறுக்காமல் சொல்லிக்கொடுத்தார். கற்ற இளைஞர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு நோயாளிகளின் யோசனைகளையும் சேர்த்துச் சுய டயாலிசிஸ் பிரிவு ஒன்றே அமைக்கப்பட்டது. அவர்களே உள்ளே வந்து, இயந்திரத்தைத் தயார் செய்து, தங்களுக்கு ஏற்ற நேரத்தில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். செவிலியர்கள் ஆசிரியர்களாகவும் அவசரத் துணையாகவும் பக்கத்தில் இருக்கிறார்கள்.

வீட்டிலேயே தானே செய்துகொள்ளும் வழி இங்கும் உண்டு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வயிற்றுக்குள் திரவம் செலுத்தி ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் தேவையான திரவப் பைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. பையை மாற்றும்போது கை சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுக்குள் கிருமி புகுந்துவிடும். ஆகவே பையோடு பயிற்சியும் போக வேண்டும். தூசி படியாத ஒரு மூலை, கை கழுவ நல்ல தண்ணீர், பைகளை அடுக்க இடம் ஆகியவை அந்த வீட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கவும் ஒருவர் போக வேண்டும். ஓரறை வீட்டில் ஐந்து பேர் வாழும் குடும்பத்துக்கு, அந்த மூலையை ஏற்படுத்தித் தருவதும் சிகிச்சையின் பகுதியாக வேண்டும்.