சிவகாசி: நகரத்துக்கு வெளியே கிடக்கும் நகரம்

சிவகாசி வரலாறு என்று நமக்குச் சொல்லப்பட்டு வந்திருப்பவை மூன்று கதைகள். ஒண்ணு ராஜா கதை. 15-ஆம் நூற்றாண்டில் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்தான், வழியில் அது இங்கேயே தங்கிவிட்டது, அதனால் சிவகாசி. ரெண்டாவது 1899 கலவரக் கதை. மூணாவது தொழில் கதை: மழை பெய்யாத கரிசல் மண்ணில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூன்று தொழில் வளர்ந்து 'குட்டி ஜப்பான்' ஆன கதை. இந்த மூணு கதையிலும் ராஜா உண்டு, சாமி உண்டு, முதலாளி உண்டு. கட்டை அடுக்கின விரல் மட்டும் கிடையாது.

அந்த விரலை வைத்து இந்த ஊரின் வரலாற்றை எழுதினால் எப்படி இருக்கும் என்பதுதான் நம் கேள்வி. அதற்கு முதலில் 1899-க்குள் போயாக வேண்டும். அதை நாம் அலட்சியமாகத் தாண்டிப் போகக்கூடாது. அரசாங்க ஆவணங்கள் 'சாணார்' என்று எழுதிவைத்த நாடார் மக்களுக்கு அன்று கோயில் வாசல் அடைக்கப்பட்டிருந்தது. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் அவர்கள் நுழைந்ததற்காக ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குப் போட்டார். கீழ்க்கோர்ட்டில் தோற்றார்கள். மெட்ராஸ் ஐகோர்ட்டில் தோற்றார்கள். 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் அங்கேயும் தோற்றார்கள். சிவகாசியிலும் சிவன் கோயில் உரிமை கேட்டார்கள். அந்தத் தகராறு முற்றி, 1899 ஜூன் 6 அன்று மறவர்கள் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து ஊரைத் தாக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. பட்டாசு வருவதற்கு முன்பே இந்த ஊருக்குத் தீயைக் காட்டியது சாதிதான்.

அடிபட்ட மக்கள் சும்மா இருக்கவில்லை. சிவகாசி, விருதுபட்டி, சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் என்று ஆறு ஊர் நாடார் வணிகர்களிடம் 'மகமை' என்ற பொதுப்பணம் இருந்தது. விற்கிற சரக்குக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்துச் சேர்த்த பணம். அந்தப் பணத்தில் பேட்டை எழுந்தது, கிணறு எழுந்தது, பள்ளிக்கூடம் எழுந்தது. இன்றைய விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை 1885-லேயே வந்துவிட்டது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கூட்டிப் போனவர்களில் கக்கன் உள்ளிட்ட தலித்துகளோடு விருதுநகரைச் சேர்ந்த ஒரு நாடாரும் இருந்தார். ஒரே வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் ஒரே நாளில் உள்ளே போனார்கள்.

உள்ளே போன பிறகு பாதை ஏன் பிரிந்தது? "அவுக ஒத்துமையா இருந்தாக, முன்னேறுனாக. நம்மாளுக ஒத்துமை இல்ல, அதான் இப்பிடி" என்று நம் தெருக்களிலேயே பேசுகிறார்கள். இது பாதி உண்மை. மகமை எடுக்கச் சரக்கு வேண்டும். கையைத் தவிர விற்க ஒன்றும் இல்லாதவன் எதிலிருந்து மகமை எடுப்பான்? அவனுக்குக் கிடைத்தது மகமை அல்ல, அட்வான்ஸ். கூலியில் கழிக்கிற முன்பணம். அடியும் மிதியும் பட்ட ஒரு சாதி மேலே ஏறும்போது ஏணியை உடைப்பதில்லை, தனக்குக் கீழே உள்ள படியை விட்டுவைத்துவிட்டுத்தான் ஏறுகிறது. அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்றார். இது ஒரு சாதியைத் திட்டுவதற்காகச் சொல்வதல்ல. படி இருக்கிற வரைக்கும் எந்தச் சாதி ஏறினாலும் இதுதான் நடக்கும்.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று, அடுத்த வருசம் திரும்பி வந்தார்கள். முதலில் எந்திரம், பிறகு கைத்தொழில். சிவகாசி தீப்பெட்டியின் வெற்றியே எந்திரத்தை விட மலிவாகக் கை கிடைத்ததில் இருக்கிறது. தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட அச்சகம் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு நின்றதும் பட்டாசு பெருகியது. 1940-இல் வெடிமருந்து விதிகள் வந்தன, லைசென்ஸ் வந்தது.

இந்த லைசென்ஸ்தான் சிவகாசியின் வரைபடத்தைப் போட்டது. மருந்து கலக்கிற அறைக்கும் அடுத்த அறைக்கும் இவ்வளவு இடைவெளி வேண்டும், ஒரு அறைக்குள் இத்தனை பேர்தான் இருக்கலாம், குடியிருப்புக்குப் பக்கத்தில் கூடாது என்பது விதி. விதி நல்ல விதிதான். விளைவு என்ன? ஆபீஸ், அச்சகம், பேங்க், லாரி செட், கடைவீதி, பங்களா எல்லாம் ஊருக்குள். மருந்தும் வெடியும் ஊருக்கு வெளியே, வெம்பக்கோட்டைப் பக்கமும் சாத்தூர்ப் பக்கமும் உள்ள பொட்டல் காட்டில். அந்தக் காட்டின் விளிம்பில் யார் இருக்கிறார்கள்? பள்ளர் தெரு, பறையர் தெரு, சக்கிலியர் தெரு. ஏற்கெனவே ஊருக்கு வெளியே போட்ட சேரிக்குப் பக்கத்தில் நகரம் தன் ஆபத்தைக் கொண்டுபோய் வைத்தது. பழைய ஊர் சேரியைத் தள்ளிவைத்தது தீட்டு என்று. புது நகரம் வெடியைத் தள்ளிவைத்தது பாதுகாப்பு என்று. தள்ளிவைத்த இடம் ஒன்றாகிப் போனது.

நம்ம சனங்களின் பேச்சிலேயே இது தெரியும். காலையில் "தீப்பெட்டியாபீசுக்குப் போறேன்", "பயராபீசுக்குப் போறேன்" என்பார்கள். சேலை எடுக்கவோ ஆஸ்பத்திரிக்கோ போனால்தான் "சிவகாசிக்குப் போறேன்" என்பார்கள். வேலை செய்வது ஒரு ஊர், சிவகாசி வேறொரு ஊர். அந்த வேறொரு ஊரை உண்டாக்கியது தாங்கள்தான் என்ற நினைப்பே இல்லாதபடி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

சங்கம் கட்டுவதற்கும் இதுவே தடையானது. 1888-இல் கிழக்கு லண்டனில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அவர்கள் தொழிற்சாலையைச் சுற்றியுள்ள சந்துகளிலேயே குடியிருந்தவர்கள். ஒரு வீட்டில் பேசியது அடுத்த தெருவுக்குப் போனது. சிவகாசித் தொழிலாளி நூற்றுக்கணக்கான கிராமங்களில் சிதறிக் கிடக்கிறாள். சாயங்காலம் வண்டி அவளைச் சாதி பிரித்துப் போட்ட தெருவில்தான் இறக்கிவிடுகிறது. சங்கங்கள் இருந்தன, இருக்கின்றன, போராடவும் செய்தன. ஆனால் ஒரே அறையில் சரம் பின்னிய ரெண்டு பேர் ஊருக்குத் திரும்பினால் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க முடியாது என்கிற நிலைமையில் சங்கம் எவ்வளவு தூரம் போகும்?

அந்த வண்டியில் ஒரு காலத்தில் பிள்ளைகள் போனார்கள். விடியுமுன்னே நாலு மணிக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்குச்சட்டியோடு ஏற்றிவிடுவார்கள். 1976-இல் அப்படிப்பட்ட ஒரு பஸ் விபத்தில் சிக்கி 37 பிள்ளைகள் செத்த பிறகுதான் அரசாங்கம் கமிட்டி போட்டது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 1991 விபத்தில் 39 பேர் செத்ததை உச்சநீதிமன்றம் கையில் எடுத்தது. 1996 டிசம்பர் 10 தீர்ப்பில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சொன்னது. பாமாவின் 'சங்கதி'யில் வருகிற மாய்க்கண்ணி தீப்பெட்டியாபீசுக்குப் போகிற சிறுமி. இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் வரலாற்றை முதலில் பதிந்தது வரலாற்றுப் புத்தகம் இல்லை, ஒரு தலித் பெண்ணின் கதை. இன்று பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகிறார்கள். அது நம் தாய்மார் தங்கள் விரலைக் கொடுத்து வாங்கிய மாற்றம்.

சாவு மட்டும் நிற்கவில்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: நாற்பது பேர் வரை செத்தார்கள். அதில் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிப்போன பக்கத்துக் கிராமத்து ஆட்களும் உண்டு. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20-க்கும் மேல். செத்தவர்கள் எல்லோரும் தலித்துகள் அல்ல. ஏழை நாயக்கர், ஏழைத் தேவர், ஏழை நாடார் எல்லோரும் உண்டு. மருந்துக்குச் சாதி தெரியாது. ஆனால் மருந்து அறைக்குள் யார் போவது, கணக்கு நோட்டுக்கு முன்னால் யார் உட்காருவது என்பதைச் சாதிதான் முடிவு செய்து வந்திருக்கிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் 'உள்குத்தகை' என்ற வார்த்தை பேப்பரில் வரும். லைசென்ஸ் ஒருத்தர் பேரில், நடத்துவது இன்னொருத்தர், அறையறையாக வாடகைக்கு எடுப்பது வேறு ஆட்கள். பொறுப்பு யாருக்கும் இல்லாதபடி ஏற்பாடு. அப்புறம் ஒரு மாசம் ரெய்டு. அப்புறம் தீபாவளி ஆர்டர்.

நகரம் நம்மைத் தள்ளிவைத்த கதைக்கு 1997 ஒரு சாட்சி. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அந்த வருசம் வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். தலித் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சிலர். மாவட்டம் முழுக்கக் கலவரம். கடைசியில் அரசாங்கம் தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகத்திலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. விடியற்காலையில் நம்மை ஏற்றிக்கொண்டு போகிற பஸ் இல்லாவிட்டால் இங்கே ஒரு குச்சி எரியாது. அந்த பஸ்ஸின் நெற்றியில் நம் பெயர் இருக்கக்கூடாது என்றார்கள்.

ஊருக்குள் நாம் இல்லவே இல்லையா? இருக்கிறோம். தெலுங்கு பேசுகிற அருந்ததியர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த நகரத்தின் சாக்கடையைச் சுமந்தார்கள். தமிழ், தெலுங்கு, உருது என்று பல பாஷை பேசும் ஊர் இது. லாரியோடு வடக்கத்தியாரும் வருகிறார்கள். இந்தப் பன்மையைப் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் பன்மை என்பது பக்கத்துப் பக்கத்தில் இருப்பது மட்டுமா? பயராபீசுக்குப் போகிற நம்மாளே சாக்கடை அள்ளுகிறவரைத் தனக்குக் கீழே வைக்கிறான். படியை நாமும் விட்டுவைத்திருக்கிறோம். 2009-இல் அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடு வந்தபோது நமக்குள்ளேயே எழுந்த முணுமுணுப்பு அதைக் காட்டிக்கொடுத்தது.

2021-இல் சிவகாசி, திருத்தங்கல் நகராட்சிகளைச் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். 48 வார்டு. 2011 கணக்கில் சிவகாசியில் 71 ஆயிரம் பேர், திருத்தங்கலில் 55 ஆயிரம் பேர். இதுவே சிவகாசியின் சனத்தொகை என்றால் அதில் முதலிப்பட்டி இல்லை, அச்சங்குளம் இல்லை. உழைப்பை வைத்து எல்லை போட்டால் இந்த நகரம் வெம்பக்கோட்டையிலிருந்து இருக்கன்குடி வரை நீளும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுவதால் இருகங்கைக்குடி, அதுவே இருக்கன்குடி ஆனது என்பார்கள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இந்த வட்டாரமே அங்கே நடக்கும். தீக்காயம் ஆறினால் மொட்டை போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டவள் நடக்கிற ரோட்டில்தான் முதலாளியின் காரும் போகும். மாரியம்மன் முன்னால் ஒரே கூட்டமாக நிற்பவர்கள், நஷ்டஈட்டுப் படிவத்தின் முன்னால் அப்படி நிற்பதில்லை.

2018 அக்டோபரில் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் உச்சநீதிமன்றம் தடை போட்டதும் கம்பெனிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 'சிவகாசி அழிகிறது' என்று தலைப்புப் போட்டார்கள். எந்த சிவகாசி? புகையில்லாத காற்று நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். வேலை போனால் சட்டி காய்வது முதலில் நம் வீட்டில். இந்தத் தொழில் நாளைக்கு மாறினாலும் மூடினாலும் மாற்று வேலை, நிலம், நஷ்டஈடு என்று கேட்பதற்கு நம் கையில் ஒரு கணக்கு வேண்டும்.

மாணவத் தோழர்களும் எழுதுகிற தோழர்களும் அந்தக் கணக்கை எடுக்க வேண்டும். ஒவ்வொரு காலனியிலும் ஒரு நோட்டு போடுங்கள். எந்த வருசம், எந்த அறையில், யார் செத்தார், யார் கை போனது, வண்டி எத்தனை மணிக்கு வந்தது, அட்வான்ஸ் எவ்வளவு, நஷ்டஈடு வந்ததா என்று வயசான ஆத்தாமார்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் போய்விட்டால் இதைச் சொல்ல ஆள் கிடையாது. ராஜா கதைக்குக் கல்வெட்டு இருக்கிறது, கலவரத்துக்குக் கோர்ட் கட்டு இருக்கிறது, முதலாளிக்கு நூற்றாண்டு மலர் இருக்கிறது. நமக்கு இப்போதைக்கு அந்த நோட்டுத்தான். நோட்டு அச்சடிக்கிற ஊரும் இதுவேதான், வாங்குவதற்குத் தூரம் போக வேண்டியதில்லை.