பள்ளிச் சிறாரும் கீல்வாத ஜுரமும்

பள்ளியிலிருந்து திரும்பிய சிறுவன் முழங்கால் வலிக்கிறதென்று படுத்துக்கொண்டால், வளரும் பிள்ளைக்கு வரும் வலிதான் என்று எண்ணெய் தடவி விடுவது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். அவ்வலிகளுள் பெரும்பாலானவை தாமாகவே நீங்கிவிடும். ஆனால் சில, கீல்வாத ஜுரத்தின் அறிகுறியாகும். முதியோரைப் பீடிக்கும் கீல்வாதம் வேறு, இது வேறு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப் புண் உண்டாகி இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின் இது தோன்றும். மூட்டுகளை விட்டு முற்றிலும் நீங்கிவிடும்; இதய வால்வுகளிலோ தழும்பை விட்டுச் செல்லக்கூடும்.

இங்கிலாந்தில் 1907-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிச் சிறாருக்கு மருத்துவச் சோதனையை விதித்தது. 1920-களில் லண்டன் நகரில் இந்நோய்க்கெனத் தனி நிலையங்கள் ஏற்பட்டன. அங்கே சிறாரின் இதய ஒலியைக் கேட்டு, பெயரைப் பதிந்து, மீண்டும் மீண்டும் வரவழைத்துப் பார்த்தனர். நீண்ட ஓய்வும் சாலிசிலேட் மருந்துமே அந்நாளைய சிகிச்சை. நோய் மீளாமல் காக்கும் மருந்து வருமுன்னரே பதிவேடு வந்துவிட்டதை நாம் இங்குக் காண்கிறோம்.

1944-இல் அமெரிக்க மருத்துவர் டக்கெட் ஜோன்ஸ் நோயை இனங்காணும் அடையாளங்களை வகுத்தார். 1950-களின் தொடக்கத்தில், மாதம் ஒருமுறை இடும் பென்சிலின் ஊசி நோய் மீண்டும் வராமல் காக்கும் எனத் தெளிவாயிற்று. அதன்பின் மருத்துவர் கவலை வேறாயிற்று. ஊசி உண்டு, அடுத்த மாதம் குழந்தை வருமா?

நம் நாட்டில் 1970-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நகரங்களில் பள்ளிச் சிறாரைச் சோதித்தது. 1988-இல் அரியானாவின் ராய்ப்பூர் ராணி வட்டாரத்தில், ஆசிரியர்களும் சுகாதார ஊழியர்களும் ஐயத்திற்குரிய பிள்ளைகளைக் கண்டு அனுப்பப் பயிற்சி பெற்றனர். நோயுற்றோர் பெயர்கள் பதியப்பட்டு, பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர்.

ஊசியோ வலிக்கும், பிள்ளையோ நலமாக ஓடியாடும். கூலி வேலையை விட்டுத் தந்தை உடன் வரவும் வேண்டும். ஆகவே வராத பெயரைக் குறித்துக்கொண்டு வீடு தேடிச் செல்லும் ஊழியரே இச்சிகிச்சைக்கு உயிர்நாடி.

ஜுரத்துடன் மூட்டு வீங்கி, வலி ஒரு மூட்டை விட்டு மறு மூட்டில் தோன்றினால், எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டுக் குழந்தையைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வோமாக.