மன்னனுக்குரியதும் மனச்சான்றுக்குரியதும்

கிறித்தவ சமயம் தோன்றிய நாள்தொட்டு அதனைப் பின்பற்றுவோரை ஒரு வினா விடாது தொடர்ந்து வந்திருக்கின்றது. தம்மை ஆளும் அரசினிடத்து அவர்கள் எவ்வாறு ஒழுகுதல் வேண்டும் என்பதே அவ்வினா. உரோமப் பேரரசனுக்கு வரி இறுத்தல் தகுமோ என்று இயேசுநாதரிடமே சிலர் கேட்டனர். அவர் நாணயம் ஒன்றைக் கொண்டுவரச் செய்து, அரசனுக்கு உரிய கடன் ஒன்று, இறைவனுக்கு உரிய கடன் வேறொன்று எனப் பிரித்துக் காட்டினார். நீரோ மன்னன் ஆட்சியிலே உரோமாபுரிக் கிறித்தவர்க்குக் கடிதம் வரைந்த பவுல் அடிகள், ஆள்வோரை மதித்தலும் வரி செலுத்துதலும் தண்டனைக்கு அஞ்சி மட்டுமன்றி மனச்சான்றின் பொருட்டும் செய்யத்தக்கவை என்றார். ஆயினும், இறைவன் ஆணையும் மனிதர் ஆணையும் முரணுமிடத்து முன்னையதே மேலானது என்று அப்போஸ்தலர் எருசலேமில் நீதிச் சங்கத்தார் முன்னிலையில் உரைத்த செய்தியும் அதே வேதநூலில் உண்டு.

இவ்விரண்டும் ஏட்டிலே அருகருகே அமைதியாக இருக்கின்றன. வாழ்க்கையிலே இவை எங்ஙனம் பொருந்தும்? இதற்கு விடை காண உரோமாபுரிவரை செல்ல வேண்டுவதில்லை. நமது இலங்கை வரலாற்றிலே, ஒரே மனிதர் இரண்டு அரசுகளின்கீழ் வாழ்ந்து இவ்வினாவை எதிர்கொண்ட வரலாறு ஒன்று உண்டு. அவர் யோசேவ் வாஸ் முனிவர்.

அவருடைய வரலாற்றை அறிவதற்கு முன் அக்காலத்து நிலைமையை நோக்குதல் வேண்டும். 1619 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவர்கள் ஆட்சியிலே கத்தோலிக்க சமயமும் போர்த்துக்கல் நாட்டு முடியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கோயிலும் கோட்டையும் அருகருகே எழுந்தன. இதனால், கத்தோலிக்கர் என்றால் போர்த்துக்கல்லின் ஆட்கள் என்னும் எண்ணம் பிறர் உள்ளத்திலே ஊன்றியது. 1658 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். அவ்வாண்டிலேயே, அவர்களை வீழ்த்திப் போர்த்துக்கேயர் ஆட்சியை மீட்கும் சதி ஒன்று யாழ்ப்பாணத்தில் வெளிப்பட்டது. ஆதலால் ஒல்லாந்தர் கொண்ட அச்சம் முற்றிலும் காரணமற்றது என்று கூறுதற்கில்லை.

ஆயினும் அவ்வச்சத்துக்கு அவர்கள் தேடிய பரிகாரம் மிகக் கொடிது. கத்தோலிக்கக் குருமார் நாட்டினின்றும் அகற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் கொடுப்போர்க்கு மரணதண்டனை என விளம்பரம் பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபைக்கு உரியவையாயின. ஊர்தோறும் பள்ளிக்கூடம் அமைத்து, ஞானஸ்நானமும் விவாகமும் அங்குள்ள பள்ளித் தோம்பிலே பதியப்பட வேண்டும் என்று விதித்தனர். பதிவில்லாத விவாகத்திற் பிறந்த பிள்ளைகட்கு முதுசொத்தின்மீது உரிமை நிலைப்பது அரிதாயிற்று. அரசாங்க உத்தியோகமும் அச்சபையினர்க்கே உரியதாயிற்று.

இதனால் விளைந்தது யாது? மக்கள் தோம்பிலே ஒரு சபையினராகவும் வீட்டிலே வேறொரு சபையினராகவும் வாழத் தலைப்பட்டனர். பகலிலே பள்ளிக்கூடத்துக்குச் சென்று பெயர் பதிந்தோர், இரவிலே விளக்கைத் தணித்துச் செபமாலை ஓதினர். அரசு கேட்டது விசுவாசத்தை. அதற்குக் கிடைத்ததோ வெறும் கையொப்பம். குடிகளின் உள்ளத்தைக் கட்டளையினால் கொள்ளலாம் என்று எண்ணிய அரசு, அவர்களைப் பொய்யுரைக்கப் பழக்கியதன்றிப் பிறிதொன்றும் செய்திலது.

இந்நிலையிலேதான் 1687 ஆம் ஆண்டில், கூலியாளின் கோலத்தில், யோசேவ் வாஸ் அடிகள் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். அவர் 1651 ஆம் ஆண்டிலே கோவாவின் பெனாலிம் என்னும் ஊரில், கொங்கணப் பிராமணக் குடும்பமொன்றிற் பிறந்தவர். கப்பலும் படையும் அவரோடு வரவில்லை. பொருளும் இல்லை. ஏவலர் ஒருவரே துணையாக வந்தார். வந்த சின்னாளிலேயே கடும் நோய்க்கும் ஆளானார். பின்னர் வீடுவீடாகச் சென்று பிச்சை ஏற்றார். கழுத்திலே செபமாலையை அணிந்து கொண்டார். அதனைக் கண்டு எவர் முகம் மலர்கின்றது என்று நோக்கி, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை இனங்கண்டார். சில்லாலை மக்கள் அவரை ஏற்று மறைவாகப் பேணினர். இரவுதோறும் ஊர் ஊராகச் சென்று பூசை நிறைவேற்றினார்.

இங்கே நாம் ஒன்றனை மறையாது கூறல் வேண்டும். அடிகள் செய்தது சட்டமீறல். அரசு வேண்டாவென்று விலக்கிய நாட்டிலே மாறுவேடத்திற் புகுந்தார். அவருக்கு இடங்கொடுத்தோர் உயிரையே பணயம் வைத்தனர். 1689 ஆம் ஆண்டின் கிறித்து பிறப்பு விழா இரவிலே ஒல்லாந்தர் படையினர் யாழ்ப்பாணத்தில் வழிபாட்டுக்குக் கூடியோரைச் சூழ்ந்து பலரைச் சிறைப்பிடித்தனர். அடிகள் தப்பினார். ஏனையோர் தண்டனை பெற்றனர். இவ்வாறு பிறரைத் துன்பத்துக்கு ஆளாக்கிய ஒருவரை அரசினை மதித்தவர் என்று எவ்வாறு கூறலாம்?

இக்கேள்வி நியாயமானது. இதற்கு விடை, அவர் எதனை மீறினார் என்பதை மட்டுமன்றி, எதனை மீறவில்லை என்பதையும் நோக்குமிடத்தே கிடைக்கின்றது. அவர் எவரையும் ஆயுதம் எடுக்குமாறு தூண்டினாரல்லர். போர்த்துக்கேயர் மீண்டும் வருவர் என்று ஆசை காட்டினாரல்லர். 1658 ஆம் ஆண்டின் சதியாளர் விரும்பியது ஆட்சி மாற்றம். அடிகள் விரும்பியதோ, நோயுற்றோர்க்கு இறுதி ஆறுதலும் பிள்ளைகட்கு ஞானஸ்நானமும். அரசின் கைக்கு எட்டாத ஓரிடத்தைமட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஏனைய யாவற்றையும் அரசுக்கே விட்டுவிட்டார்.

1690 ஆம் ஆண்டளவில் அவர் புத்தளத்தை அடைந்தார். அது கண்டி மன்னன் ஆட்சிக்கு உட்பட்டது. 1692 ஆம் ஆண்டிலே கண்டி மாநகரை நோக்கிச் சென்றார். ஆனால் ஆங்கும் அவருக்கு முன்னரே ஐயம் சென்று காத்திருந்தது. பிரெஞ்சு நாட்டுப் புரட்டஸ்தாந்தர் ஒருவர், இவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் என்று அரசவையில் முறையிட்டார். அடிகள் சிறைப்பட்டார். ஒல்லாந்தர் நாட்டிலே சமயத்தின் பொருட்டுத் தேடப்பட்டவர், பௌத்த மன்னன் நாட்டிலே அரசியலின் பொருட்டுக் கைதானார்.

சிறையில் அவர் செய்தது சிந்திக்கத்தக்கது. அவர் முறையீடும் வசையும் பொழிந்தாரல்லர். சிங்கள மொழியைக் கற்கத் தொடங்கினார். காவலில் இருந்தவாறே சிறு குடிலொன்று அமைத்து வழிபட்டார். அவரைக் கண்காணிக்க அமர்த்தப்பட்டோர், ஒற்றனுக்குரிய செயல் ஒன்றையும் அவரிடத்தே கண்டிலர். நாள் செல்லச் செல்லக் காவல் தளர்ந்தது. முன்னர்ச் சிறைப்பட்டுக் கண்டியிலே குடியேறிய போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் பல்லாண்டுகளாகக் குருவின்றி இருந்தனர். அவர்களும் அவரை நாடி வந்தனர்.

அப்போது கண்டியில் அரசு செலுத்தியவன் இரண்டாம் விமலதர்மசூரியன். அவன் பௌத்த சமயத்திலே ஆழ்ந்த பற்றுடையவன். 1697 ஆம் ஆண்டிலே அரக்கான் தேசத்திலிருந்து பிக்குமாரை வரவழைத்து உபசம்பதையை மீள நிலைநாட்டியவன். புனித தந்தத்துக்கு மாளிகை எழுப்பியவன். தன் சமயத்தைப் புதுப்பித்துக் கொண்டிருந்த அம்மன்னனே பிறசமயக் குருவொருவருக்கும் இடமளித்தான். கொடிய வறட்சி ஒன்று நேர்ந்தபோது மன்னன் வேண்ட, அடிகள் வெளியிடத்திலே பீடம் அமைத்துச் செபித்தார் என்றும், மழை பொழிந்தது என்றும் கத்தோலிக்க மரபு கூறும். மழையின் காரணத்தை ஆராய்தல் வரலாற்றாசிரியன் தொழிலன்று. நாட்டின் துன்பத்தைத் தன் துன்பமாகக் கருதி வேண்டிக்கொள்ளுமாறு மன்னன் அவரை அழைத்தான். அதனைத் தம் கடனென்று அவர் ஏற்றார். நம் பொருளுக்கு வேண்டியது அதுவே. அதன்பின் நாடெங்கும் சென்று போதிக்கும் உரிமை அவருக்கு வாய்த்தது.

1697 ஆம் ஆண்டிலே கண்டி நகரில் வைசூரி பரவிற்று. அக்காலத்திலே அந்நோய்க்கு மருந்தில்லை. மன்னனும் பிரதானிகளும் நகரை நீங்கினர். நோயுற்றோர் காடுகளிலே கைவிடப்பட்டனர். அவ்வேளையில் அடிகளும், கோவாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த அவர்தம் மருகர் கர்வாலோ அடிகளும் நகரிலே தங்கினர். குடில்கள் அமைத்து நோயாளரைக் கிடத்தினர். உணவு ஊட்டினர். புண்களைக் கழுவினர். இறந்தோரைத் தம் கைகளாலேயே புதைத்தனர். நோயாளர் எச்சமயத்தவர் என்று அவர்கள் வினவவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் ஒற்றர் என்று சிறைவைக்கப்பட்டவர், அரசே அகன்ற நகரில் அரசின் குடிகளைக் காத்து நின்றார். அவர்மீது சுமத்தப்பட்ட பழிக்கு இதனினும் சிறந்த மறுமொழி யாது?

அரசனைப் புகழ்ந்து பாடுதல் எளிது. இகழ்ந்து ஓடுதலும் எளிது. ஆளுவோன் தன்னை ஐயுறும் வேளையிலும் அவன் நாட்டை நேசித்துத் தொண்டாற்றுதலே அரிது. அம்மதிப்பு வாயினின்றும் பிறப்பதன்று, கையினின்றும் பிறப்பது. அடிகளுக்குப் பின் அப்பணியைத் தொடர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், 1705 ஆம் ஆண்டிலே இலங்கை வந்து சிங்களத்தையும் தமிழையும் ஐயந்திரிபறக் கற்று, இருமொழியிலும் நூல்கள் இயற்றினார். வீர நரேந்திரசிங்க மன்னனின் நன்மதிப்பையும் பெற்றார். தாம் வாழும் நாட்டின் மொழியைப் போற்றுதலும் அந்நாட்டுக்குச் செலுத்தும் மரியாதையில் ஒரு கூறு என்பதனை அவர் வாழ்வு காட்டுகின்றது.

இவ்வரலாற்றை இனிய கதையாகவே முடித்துவிடுதல் நேர்மையாகாது. யோசேவ் வாஸ் அடிகள் 1711 ஆம் ஆண்டு சனவரி 16 ஆம் நாள் கண்டியிலே காலமானார். நரேந்திரசிங்கனுக்குப்பின் 1739 முதல் 1747 வரை ஆண்ட சிறீ விஜய இராஜசிங்கன் காலத்திலே கத்தோலிக்கக் குருமார் கண்டி நாட்டினின்றும் வெளியேற்றப்பட்டனர். ஒரு மன்னன் மனமுவந்து அளித்த இடம் மற்றொரு மன்னன் காலத்திலே பறிபோகலாம். நல்லொழுக்கத்துக்கு நன்றி எப்போதும் கிடைக்கும் என்னும் உறுதி வரலாற்றில் இல்லை. கைம்மாறு கருதாது செய்வதால் அன்றோ அது கடமை எனப்படுகின்றது!

ஒல்லாந்தர் கதி யாதாயிற்று? 1796 ஆம் ஆண்டிலே அவர்கள் ஆட்சி முடிந்தது. தோம்பேடுகளிலே அவர்கள் சபையினர் எனப் பதியப்பட்டிருந்தோரிற் பெருந்தொகையினர் விரைவில் அச்சபையை விட்டு அகன்றனர். 1806 ஆம் ஆண்டிலே, ஆங்கிலேயத் தேசாதிபதி மெயிற்லண்ட் காலத்தில், கத்தோலிக்கர்மீது விதிக்கப்பட்டிருந்த தடைகள் நீக்கப்பட்டன. நூற்றைம்பது ஆண்டுக் காலம் சட்டத்தினால் அழிக்க முயன்ற ஒன்று அழியவில்லை. சட்டத்தினால் வளர்க்க முயன்ற மற்றொன்று நிலைக்கவுமில்லை. ஒருகாலத்திலே யாழ்ப்பாணத்திற் பிச்சைக்காரராகத் திரிந்த அவ்வடிகளை, 2015 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள், கொழும்பு காலிமுகத் திடலிலே, பாப்பரசர் பிரான்சிஸ் புனிதர் என்று பிரகடனஞ் செய்தார்.

ஆகவே, கிறித்தவர் தம் அரசினிடத்து எவ்வாறு ஒழுகுதல் வேண்டும் என்னும் வினாவுக்கு இவ்வரலாறு ஒரு விடை தருகின்றது. அரசுக்குரிய வரியையும் உழைப்பையும் நல்லெண்ணத்தையும் குறைவின்றிக் கொடுத்தல் வேண்டும். பிறநாட்டு முடியின் நிழலைத் தன் சமயத்தோடு கலவாதிருத்தல் வேண்டும். மனச்சான்று மறுக்கும் ஒன்றினை மறுக்குங்கால் பகையின்றி மறுத்தல் வேண்டும். அதன் விளைவைத் தாங்குதலும் வேண்டும். இது கிறித்தவர்க்கு மட்டும் உரிய பாடமுமன்று. ஆள்வோர்க்கும் இதிலே ஒரு பாடம் உண்டு. ஒரு குடிமகன் எவ்வாறு வழிபடுகின்றான் என்பதைக் கொண்டு அவன் நாட்டுப்பற்றை அளந்த அரசு ஏமாந்தது. நாடு துன்புற்ற வேளையில் அவன் எங்கே நின்றான் என்பதே தக்க அளவுகோல். அவ்வளவுகோலைக் கொண்டு நோக்கியவர்க்கு, கண்டி நகரின் வைசூரிக் குடில்களிலே நின்ற அக்குருவானவர் யாவர் என்பது ஐயமின்றி விளங்கியிருக்கும்.