மஞ்சள் கோட்டுக்கு வெளியே பனி

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் எந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் தரையில் முதலில் கண்ணில் படுவது மஞ்சள் கோடுதான். கோட்டுக்குள் நடக்கும்வரை நீங்கள் கம்பெனியின் பொறுப்பு. வெளியே கால் வைத்தால் ஃபோர்க்லிஃப்ட் வரும், அதற்கு முன்னால் சூப்பர்வைசரின் குரல் வரும். பனிச்சறுக்கிலும் இப்படி ஒரு கோடு இருக்கிறது. இயந்திரம் ஓட்டிச் சமன்செய்து, ஓரங்களில் கம்பு நட்டு, ஆபத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறந்துவிடும் தடத்துக்கு ‘பிஸ்ட்’ என்று பெயர். அந்தத் தடத்துக்கு வெளியே, யாரும் தொடாத பனியில் இறங்குவது ‘ஆஃப்-பிஸ்ட்’. அங்கே நீங்கள் யாருடைய பொறுப்பும் இல்லை.

பென்னலூரில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் நாங்கள் நான்கு பேர் குல்மார்க்குக்கு அப்படி ஒரு பயணம் போகத் திட்டம் போட்டோம். ஒருவன் கம்பெனி அனுப்பி இரண்டு வருடம் கொரியாவில் இருந்தவன். அங்கேதான் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டான். அவனுக்கு எங்கள் வீட்டில் ‘கொரியாக்காரன்’ என்றே பெயர். மற்ற இருவரும் குல்மார்க்கிலேயே அடிப்படை, இடைநிலை என இரண்டு குளிர்காலம் பயிற்சி முடித்தவர்கள். எனக்குச் சறுக்கத் தெரியாது. கோண்டோலாவில் ஏறி இறங்குவதோடு சரி. அதனாலேயே திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

“பொங்கல் லீவு இருக்கு, முன்னாடி ஒரு ஞாயிறு. அஞ்சு நாள்ல முடிச்சிரலாம்டா” என்றான் கொரியாக்காரன். இந்த ஒரு வாக்கியம்தான் என்னைப் படிக்க வைத்தது. விமானம், டங்மார்க்கில் டயருக்குச் சங்கிலி மாட்டிய வண்டி, வேலை செய்யாத ப்ரீபெய்ட் சிம்முக்குப் பதிலாக ஒரு போஸ்ட்பெய்ட் சிம் என்று எக்செல் ஷீட் நிரம்பிக்கொண்டே போனது. மலை எங்கள் லீவுக்குள் அடங்குமா என்ற கேள்விக்கு மட்டும் அதில் கட்டம் இல்லை. இந்த விளையாட்டின் வரலாற்றை வாசித்தபோது அந்தக் கேள்வி புதிதல்ல என்று தெரிந்தது. இன்று இறங்கலாமா வேண்டாமா என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே நூறு வருடமாக அங்கே நடக்கும் வழக்கு.

சறுக்குப் போட்டிகளின் உலகில் ‘காந்தஹார்’ என்ற பெயர் அடிக்கடி வரும். ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டன்கிர்ஹனில் உள்ள புகழ்பெற்ற தடத்துக்கே அந்தப் பெயர்தான். ஆப்கானிஸ்தான் ஊரின் பெயர் ஆல்ப்ஸுக்கு எப்படிப் போனது? 1880இல் ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ் என்ற தளபதி சுமார் 10,000 படைவீரர்களோடு காபூலிலிருந்து காந்தஹாருக்கு மூன்று வாரத்தில் 500 கிலோமீட்டர் நடந்து போய்ச் சண்டையை வென்றார். அந்தப் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். அடுத்த வருடம் அவர் மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக நம் ஊருக்கு வந்து 1885 வரை இருந்தார். பிற்பாடு ‘காந்தஹாரின் ராபர்ட்ஸ் பிரபு’ ஆனார். 1911இல் ஆர்னால்ட் லன் என்ற இளைஞர் சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில் ஒரு சறுக்குப் போட்டி நடத்தினார். அதற்குக் கோப்பை கொடுத்தவர் இந்த ராபர்ட்ஸ்தான். சிப்பாய்கள் நடந்த நடை, கோப்பையின் பெயராகிப் பனிமலை ஏறியது.

அந்தப் போட்டியில் தடம் என்று எதுவும் கிடையாது. போட்டியாளர்கள் முந்தின நாளே மலையேறி ஒரு குடிலில் இரவு தங்கினார்கள். காலையில் பிளேன் மோர்ட் பனியாற்றின் மேலிருந்து எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டுக் கீழே மொன்டானாவரை இறங்கினார்கள். முதலில் வந்தவருக்கே ஒரு மணி நேரம் ஆனது. இன்றைய கணக்கில் அது முழுக்க முழுக்க ஆஃப்-பிஸ்ட். ஆக, கோட்டுக்கு வெளியே போவது பின்னால் வந்த சாகசம் இல்லை. முதலில் இருந்தது அதுதான், கோடு பிறகுதான் வந்தது.

கோடு வந்த கதை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எளிதில் புரியும். 1936இல் அமெரிக்காவின் சன் வேலியில் உலகின் முதல் நாற்காலி லிஃப்ட் ஓடியது. அதை வடிவமைத்த ஜிம் கர்ரன் என்ற ரயில்வே பொறியாளர், அதற்கு முன் கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கன்வேயரோடு வேலை பார்த்தவர். தார் தொங்கிய கொக்கியில் நாற்காலியைத் தொங்கவிட்டார், அவ்வளவுதான். காலையில் ஏறி மாலையில் ஒருமுறை இறங்கியவர்கள் இப்போது ஒரே நாளில் பத்துமுறை இறங்கினார்கள். கூட்டம் வந்ததும் பனி குண்டும் குழியுமானது. 1950களில் கொலராடோவின் விண்டர் பார்க்கில் பனியைச் சமன்செய்யும் கருவிகள் வந்தன. மலை ஒரு உற்பத்தி வரிசையானது. டிக்கெட்டுக்கு இத்தனை இறக்கம், நாளுக்கு இத்தனை மணி நேரம்.

பனிச்சரிவு மட்டும் எந்த வரிசையிலும் நிற்கவில்லை. முதல் உலகப்போரில் இத்தாலியின் மார்மொலாடா மலையில் ஆஸ்திரியப் படையின் முகாம் ஒன்று சரிவுக்கு அடியில் இருந்தது. இடத்தை மாற்ற வேண்டும் என்று அங்கிருந்த காப்டன் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் மறுத்தது. 1916 டிசம்பர் 13 அன்று மலை சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பனியைப் பார்த்தவருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் இருந்தவர் பனியைப் பார்க்கவில்லை. பனியை ஒரு அறிவியலாகப் படிக்கும் சுவிஸ் நிறுவனம் டாவோஸில் உருவாகி வளர்ந்ததெல்லாம் அதற்கு இருபது வருடங்களுக்குப் பிறகுதான்.

குல்மார்க்கில் இந்த விளையாட்டு ஆங்கிலேய அதிகாரிகளோடு வந்தது. ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியா அங்கே தொடங்கியது 1927இல். அவர்களுக்கு நீண்ட விடுப்பு இருந்தது, மூட்டை தூக்கக் காஷ்மீரிகள் இருந்தார்கள். வானம் தெளியும்வரை காத்திருப்பது அவர்களுக்குச் செலவே இல்லை. பிறகு வந்தது போர். 1948இல் காஷ்மீரில் 19ஆம் டிவிஷனுக்குத் தலைமை தாங்கியவர் குடகுக்காரரான திம்மையா. அந்த வருடம்தான் சோஜி லா கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றினார்கள். கழுதைப் பாதையை டாங்கி போகும் சாலையாக மாற்றியவர்கள் மதராஸ் சாப்பர்ஸ். பனியையே பார்க்காத தெற்கத்திக்காரர்கள் அதில் எத்தனையோ பேர். அதே வருடக் கடைசியில் திம்மையா குல்மார்க்கில் ஒரு சறுக்குப் பள்ளி தொடங்கினார். அதுதான் இன்றைய உயர்மலைப் போர்ப் பள்ளி.

கோண்டோலாவின் கதையிலும் போர் உண்டு. பிரெஞ்சு நிறுவனமான போமகால்ஸ்கியோடு 1980களின் கடைசியில் தொடங்கிய வேலை, பள்ளத்தாக்கில் துப்பாக்கிச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் நின்றுபோனது. கொங்டூரிவரை முதல் கட்டம் ஓடியது 1998இல். அஃபர்வத் மலையின் தோள்வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்குப் போகும் இரண்டாம் கட்டம் 2005இல். அதற்குப் பிறகுதான் உலகம் முழுவதிலிருந்தும் ஆஃப்-பிஸ்ட் ஆட்கள் குல்மார்க்குக்கு வரத் தொடங்கினார்கள். காரணம் எளிமையானது. அவ்வளவு உயரத்துக்கு ஏற்றிவிடும் வண்டி இருக்கிறது, சமன்செய்த தடமோ கொஞ்சம்தான். கோண்டோலாவுக்கு நேர் கீழே உள்ள கிண்ணப் பகுதியை ரோந்துக் குழு பார்த்துக்கொள்கிறது. அதன் இரு பக்கமும் உள்ள மலை அப்படியே மலையாகவே இருக்கிறது.

2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் மேல் பனி சரிந்து 17 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத்தில் போலந்துக்காரர்கள் இருவர். 2024 பிப்ரவரி 22 அன்று ஒரு ரஷ்யர். பனியிலேயே வாழும் வீரர்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பதை நான் எக்செல் ஷீட்டின் மேல் வரியில் எழுதி வைத்தேன்.

சரிவு நடக்கும் விதத்தைக் கொரியாக்காரனே எங்களுக்கு விளக்கினான். குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த பனி அடியில் சர்க்கரைபோல் உதிரியாகிவிடும். அதன்மேல் புயல் கொண்டுவந்த பனி அடையாக இறுகி உட்காரும். 30 முதல் 45 டிகிரி சாய்வில் ஒரு ஆள் அதன்மேல் ஏறினால் அடை உடைந்து மொத்தமாக வழுக்கும். பொழுதுபோக்குக்காகப் போய்ச் சிக்குகிறவர்களில் பெரும்பாலோர், தாங்களோ தங்கள் குழுவில் ஒருவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். ஆபத்து அதிகமாக இருப்பது புயலின்போதும் அது ஓய்ந்த அடுத்த ஒன்றிரண்டு நாளும். ஆனால் மலை மிக அழகாக இருப்பதும் அந்த நாளில்தான். நீல வானம், தொடாத பனி, கோண்டோலா திறந்தாயிற்று.

இப்போது எங்கள் பொங்கல் திட்டத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஜனவரி நடுப்பகுதி, காஷ்மீரிகள் ‘சில்லை கலான்’ என்று சொல்லும் 40 நாள் கடுங்குளிருக்குள் வருகிறது. போய்ச் சேர ஒரு நாள், திரும்ப ஒரு நாள். நடுவில் மூன்று நாள். அதில் இரண்டு நாள் பனிப்புயல் என்றால் மிச்சம் இருப்பது புயல் ஓய்ந்த அந்த ஒரு காலை மட்டும். மறுநாள் விமானம், அதற்கு அடுத்த நாள் ஏ ஷிஃப்ட். வழிகாட்டி “இன்னைக்கு வேணாம்” என்றால் நாம் கேட்போமா? காசு கட்டியாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று அவரிடம் பேரம் பேசுவோமா? டங்மார்க் பக்கத்துக் கிராமங்களில் சீசன் வருமானத்தை நம்பி இருக்கும் அந்த ஆளுக்கு, நம் முகத்தைப் பார்த்து மறுப்பது அவ்வளவு சுலபமா?

“டிரான்ஸீவர், குத்துக்கம்பி, மண்வாரி எல்லாம் எடுத்துட்டுப் போறோமே” என்றான் இன்னொருவன். அவையும் வேண்டும்தான். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கிறார், அரை மணி தாண்டினால் பிழைப்பவர் குறைவு. அதற்குள் எந்த மீட்புக் குழுவும் வராது. தோண்டுவது கூட வந்தவர்கள்தான். ஆனால் அந்த மூன்றும் சரிந்த பிறகு உதவுபவை. சரியாமல் இருக்க உதவுவது ஒன்றே ஒன்று: காத்திருக்க முடிவது. அதற்கு லீவு வேண்டும்.

லீவு எல்லோருக்கும் ஒன்றல்ல. எங்களில் மூன்று பேர் நிரந்தரம். கம்ப்-ஆஃப், சம்பளத்தோடு விடுப்பு என்று சேர்த்து வைக்கலாம். நான்காமவன் கான்ட்ராக்ட். “எனக்கு லீவுன்னா சம்பளம் கட். நீங்க ரெண்டு நாள் சும்மா உக்காரலாம், நான் உக்கார முடியாது” என்றான். அவன் சொன்னதில் கோபம்கூட இல்லை. ஆங்கிலேய அதிகாரிக்கு இருந்து, மூட்டை தூக்கியவருக்கு இல்லாமல் போனதும் இதேதான் என்று எனக்குத் தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை. அவசரப்பட்டு இறங்க வேண்டிய நிலை எங்கள் நால்வரில் அவனுக்குத்தான். மற்ற மூவரும் வசதியாகக் காத்திருக்க, அவனுக்காகவே எல்லோரும் இறங்கிவிடுவோம் என்பதும் தெரிந்தது.

2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு வீட்டில் அனுமதி வாங்குவதே தனி வேலையாகிவிட்டது. ஒருவனுடைய அம்மா, “மலை இருக்கிற ஊர்தானே வேணும், ஊட்டிக்குப் போங்களேன்” என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் பொங்கலை விட்டுவிட்டோம். பிப்ரவரி பின்பாதி, எட்டு நாள். முதல் இரண்டு நாள் ரோந்து உள்ள கிண்ணத்துக்குள் மட்டும். தடத்துக்கு வெளியே போவது உள்ளூர் வழிகாட்டியோடுதான். அவர் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அந்த நாளுக்குப் பேசிய கூலி முழுதாக, முன்பணமாக. “வேண்டாம்” என்று அவர் சொன்னால் காரணம் கேட்கலாம், பேரம் கூடாது. ஷீட்டில் இரண்டு கட்டத்தில் ‘சும்மா’ என்று எழுதினேன். அந்த எட்டு நாளுக்கான கான்ட்ராக்ட்காரனின் சம்பளத்தை நான்காகப் பிரித்து ஆளுக்கு ஒரு பங்கு செலவுக் கணக்கில் சேர்த்தேன்.

“சும்மா இருக்கிறதுக்கு இவ்ளோ செலவாடா?” என்றான் கொரியாக்காரன், கூட்டுத்தொகையைப் பார்த்துவிட்டு.

ஆமாம் என்றேன். பணத்தை அனுப்பினான்.