‘சயின்டிஸ்ட்’ என்ற பெயர் வந்த கதை

நியூட்டனை நாம் விஞ்ஞானி என்கிறோம். அவர் காலத்து ஆங்கிலத்தில் ‘சயின்டிஸ்ட்’ என்ற சொல்லே கிடையாது. 1687இல் வெளிவந்த தம் பெருநூலுக்கு ‘இயற்கைத் தத்துவத்தின் கணித அடிப்படைகள்’ என்று பொருள்படும் லத்தீன் தலைப்பைத்தான் அவர் வைத்தார். டால்டன் 1808இல் அணுக்கொள்கையை எழுதியபோதும் அது ‘வேதியியல் தத்துவம்’தான். 1665இல் தொடங்கிய லண்டன் ராயல் சொசைட்டி அறிவியல் இதழின் பெயரில் ‘பிலசாபிக்கல்’ (தத்துவ) என்ற சொல் இன்றும் இருக்கிறது.

1833இல் கேம்பிரிட்ஜில் பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகம் கூடியது. இயற்கையை ஆராய்பவர்கள் தங்களைத் தத்துவஞானிகள் என்று சொல்லிக்கொள்வது தகாது என்றார் அங்கு வந்திருந்த கவிஞர் கோல்ரிட்ஜ். அப்படியானால் ‘ஆர்ட்டிஸ்ட்’ போல ‘சயின்டிஸ்ட்’ என்று வைத்துக்கொள்ளலாமே என்றார் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல். மறு ஆண்டு மேரி சோமர்வில்லின் நூலுக்கு எழுதிய மதிப்புரையில், தம் பெயரை வெளியிடாமல், அந்தச் சொல்லை அச்சேற்றினார். வேதியியலார் ஒரு பக்கம், கணிதர் ஒரு பக்கம் என்று ஆய்வாளர்கள் சிதறிப்போகிறார்கள். எல்லாரையும் சேர்த்து அழைக்க ஒரு பெயர் இல்லையே என்பதே அவருடைய கவலை. சேர்ப்பதற்காகப் பிறந்த சொல் பின்னாளில் தத்துவத்துக்கும் அறிவியலுக்கும் நடுவே வேலியாக நின்றது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

அன்றைக்கே பலர் அதை ஏற்கவில்லை. ‘அயனி’, ‘ஆனோடு’, ‘கேத்தோடு’ ஆகியவற்றுக்கான ஆங்கிலப் பெயர்களை ஹ்யூவெலிடம் கேட்டு வாங்கிக்கொண்ட ஃபாரடே, ‘இயற்பியலர்’ என்பதற்கு அவர் ஆக்கிய பெயரை மட்டும் மறுத்துவிட்டார். கடைசிவரை தத்துவஞானி என்றே அறியப்பட விரும்பினார். உயிரியலர் ஹக்ஸ்லி 1894இல்கூட ‘சயின்டிஸ்ட்’ வேண்டாம் என்றார்.

பிரிவை இழப்பு என்று சொன்னாலும், தத்துவத்துக்கு எல்லை உண்டு என்பதில் சந்தேகமில்லை. செவ்வாயின் பாதை வட்டம் என்பது பழைய தத்துவத்தின் நம்பிக்கை. வட்டத்தை வைத்துக் கெப்ளர் போட்ட கணக்கு வானியலர் டைக்கோ பிராஹேயின் அளவீடுகளோடு ஒரு பாகையை 60 கூறாக்கினால் 8 கூறு மட்டுமே பிசகியது. அவ்வளவுக்கே அவர் அந்தக் கணக்கைக் கைவிட்டார். ஆனால் அதற்குப் பின் அவர் கண்ட நீள்வட்டம் டைக்கோவின் எண்களில் எழுதியிருக்கவில்லை. சிதறிய எண்களைக் கோக்கும் கருத்தை மனம்தான் கொண்டுவர வேண்டும். இதை ஒரு நூலில் விரிவாக வாதிட்டவரும் ஹ்யூவெலே. 1840இல் வந்த அந்த நூலில்தான் ‘சயின்டிஸ்ட்’ என்ற சொல்லை மீண்டும் முன்வைத்தார். நூலின் தலைப்பு, ‘தொகுத்தறி அறிவியல்களின் தத்துவம்’.